ரெண்டு இலைதான், மச்சான்

என் அன்பு மச்சான் ஏழுமலைக்கு,

நீ இருந்த வரைக்கும் உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதினதில்லை. எழுத வேண்டிய தேவையே வரவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு இருபத்திரண்டு வருஷம் ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். நீ முன்னால் ஸ்டியரிங்கில், நான் பின்னால் டிக்கெட் பையோடு. ஒரு விசில் கொடுத்தால் நிறுத்துவாய், ரெண்டு கொடுத்தால் எடுப்பாய். நம் பேச்சில் பாதி அதிலேயே முடிந்துவிடும். இப்போது விசில் ஊதினால் கேட்காத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் எழுதுகிறேன்.

ஓசூரில் மகள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், மச்சான். பிரசவத்துக்கு மகளை நம்ம ஊருக்குக் கூட்டிவரத்தான் நினைத்தோம். பஸ்ஸில் போகவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கண்டக்டர் மகளுக்குப் பஸ் ஆகாதாம். அதனால் நானும் பாத்திமாவும் இருபது நாள் லீவு போட்ட கணக்கில் இங்கே வந்து கிடக்கிறோம். நீ இருந்திருந்தால், "தாத்தா ஆயிட்ட, இனிமேலாச்சும் படியில தொங்காம வா" என்று சொல்லியிருப்பாய்.

நல்ல சேதி இத்தோடு முடிந்தது. மீதியைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். உன் அரசங்கன்று செத்துப்போய்விட்டது. இப்போது இல்லை, நீ போவதற்கு முன்னாலேயே செத்துவிட்டது. நான்தான் கொன்றேன்.

கொஞ்சம் பொறு, முறையாகச் சொல்கிறேன். வெள்ளிமலையில் பஸ் நிற்கிற அரைமணி நேரத்தில் மற்ற டிரைவர்கள் டீ குடிப்பார்கள், கால் நீட்டிப் படுப்பார்கள். நீ மட்டும் பாறை பாறையாகக் குனிந்துகொண்டு போவாய். திரும்பி வரும்போது சோப்பு டப்பாவில் பாசி இருக்கும், துண்டு முனையில் நாலு கூழாங்கல் முடிந்திருக்கும். எதையோ தொலைத்துவிட்டாய் என்று நினைத்து ஒரு மலைக்கார அம்மா உன்னோடு சேர்ந்து கால்மணி நேரம் தேடினாளே, ஞாபகம் இருக்கிறதா? பாசிதான் தேடுகிறாய் என்று தெரிந்ததும் அவள் உன்னைத் திட்டிய திட்டை நான் பஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

உளுந்தூர்பேட்டை ரோட்டுக் காயலான் கடையில் பழைய பஸ் ஹெட்லைட்டுகள் வாங்குவாய். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் கிண்ணத்தில் மண் போட்டு, மண்மேல் பாசியைப் பதித்து, ஓரமாய் ஒரு கல், கல்லை ஒட்டி ஒரு பொடிச் செடி. சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்ன இடத்தில் நம் ரூட்டில் இருக்கும் ஏதோ ஒரு ஸ்டாப்பு வந்து உட்கார்ந்துவிடும். அப்படி ஆறு கிண்ணம் செய்தாய். ஐந்தில் பாசியும் பெரணியும் புல்லும். ஆறாவதில்தான் அந்த அரசங்கன்று.

நாம் வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. வெயில் காலத்தில் அந்தச் சின்னக் கிண்ணம் அரை நாளில் காய்ந்துவிடும். அதற்கு நீ ஒரு வழி செய்தாய். பல்பு மாட்டுகிற ஓட்டை வழியாக ஸ்டவ் திரியைக் கீழே தொங்கவிட்டு, அடியில் பெயின்ட் டப்பா நிறையத் தண்ணீர் வைத்தாய். திரி தானாக உறிஞ்சி மேலே மண்ணுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். "நம்ம இல்லன்னாலும் அதுவா குடிச்சிக்கும் மச்சான்" என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! நம்ம ஊர் போர்த்தண்ணி உப்பு, பாசி வெளுத்துப்போகும் என்று மலையிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுவருவாய். பாசிக்குத் தண்ணீர் சுமக்கிற டிரைவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கோமுகி அணை தாண்டி மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறதே, அதன் சுவர் வெடிப்பில் முளைத்த கன்று அது. வேர் அறுந்துவிடக் கூடாது என்று டிக்கெட் மெஷின் துடைக்கிற என் பிரஷ்ஷைப் பிடுங்கி மண்ணைத் தட்டித் தட்டி எடுத்தாய். கிண்ணத்தில் அதே பாலத்தையும் ஒரு பட்டைக்கல்லில் வைத்தாய். ஒரு பொம்மை பஸ் வாங்கித் தருகிறேன், பாலத்து மேல் நிறுத்து என்றேன். "வேணாம் மச்சான், பஸ்சு இப்பத்தான் போச்சி" என்றாய். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அந்தக் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அஞ்சலை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "பாசியா வளத்துக்கோ, பொதரா வளத்துக்கோ. அரசங்கன்னு மட்டும் வூட்ல ஆவாது. அது வேர் வுட்டா குடும்பம் நிக்காது" என்று உன் பெண்டாட்டி வாசலிலேயே மறித்துவிட்டாள். அதனால் அந்தக் கிண்ணம் என் வீட்டு மாடிக்கு வந்தது. "அவங்க வூட்ல ஆவாதது நம்ம வூட்ல ஆவுமா?" என்று பாத்திமா கேட்டாள். கேட்டுவிட்டு, எங்கள் ஆடு மேய்ந்துவிடக் கூடாது என்று பழைய ஃபேன் கூட்டைக் கழற்றி அதற்கு மேல் கவிழ்த்ததும் அவள்தான்.

மாசி மாசத்தில் வந்து எல்லா இலையையும் கிள்ளினாய். ரெண்டே ரெண்டு மிச்சம் வைத்தாய். எனக்குப் பதறியது. "அடுத்து வர்ற எல சின்னதா வரும். அப்பத்தான் பாக்க மரம் மாரி இருக்கும். மூணாவது எல எந்த அளவுல வருதோ, அத வெச்சித்தான் இந்த மரம் நமக்குப் புடிபட்டுதா இல்லையான்னு சொல்லணும்" என்றாய். அன்றிலிருந்து காலையில் என்னைப் பார்த்ததும் உன் முதல் கேள்வி மூணாவது இலைதான்.

அந்தப் பங்குனியில் உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள். அஞ்சலையும் உன்னோடு வருவதால் மற்ற ஐந்து கிண்ணமும் என் வீட்டுக்கு வந்தன. வேனில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "டப்பாவுல தண்ணி கொறையாம பாத்துக்கோ. வேற ஒண்ணும் பண்ணாத. இன்னாவாச்சும் பண்ணணும்னு கை துறுதுறுன்னு வரும். பண்ணாத."

பண்ணினேன், மச்சான்.

சித்திரை வெயில் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, நீ ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தாய். அரசங்கன்றின் ரெண்டு இலையும் தொங்கின. டப்பாவில் தண்ணீர் இருந்தது, திரி ஈரமாக இருந்தது, ஆனாலும் தொங்கின. சாயங்காலம் நிமிர்ந்துகொள்ளும் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு ஒரே ஒரு நினைப்புதான்: இது மலையில் பிறந்தது, மலைக்காற்று கேட்கிறது. நீயும் காற்றுக்குத்தான் அங்கே இழுத்துக்கொண்டு கிடந்தாய். உனக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, இதற்காவது செய்யலாம் என்று தோன்றியது.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போனேன். பஸ்ஸில் எங்கே வைப்பேன்? நீ தண்ணீர் பாட்டில் வைப்பாயே, துண்டு போடுவாயே, அந்த இஞ்சின் பானட்டு மேல்தான் வைத்தேன். அது உன் இடம். அடியில் ஈரச் சாக்கு மடித்துப் போட்டேன்.

உன் சீட்டில் அப்போது குமரேசன் என்று ஒரு டிரைவர். சின்னசேலம் ஆள், நல்ல மனுஷன். "அண்ணே, பானட்டு கொதிக்குது. ஏத்தத்துல இன்னும் ஜாஸ்தி ஆவும். பின்னால சீட்டுக்கடியில வைங்க" என்று சொன்னான். உன் சீட்டில் அவன் துண்டை விரித்திருந்ததைப் பார்த்து எனக்கு ஏற்கெனவே வயிறு எரிந்துகொண்டிருந்தது. "எங்க வெக்கணும்னு எனக்குத் தெரியும். நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்று எரிந்து விழுந்தேன். அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். இருபத்திரண்டு வருஷம் அந்த பானட்டில் கால் பட்டால் சுடும் என்று பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தவன் நான். எனக்கே அது உறைக்கவில்லை.

நாலு நாள் கொண்டுபோனேன். மலை ஏறி இறங்கி, ஏறி இறங்கி. ஐந்தாம் நாள் இலையைத் தொட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இல்லை. வேர் அடியில் வெந்துபோயிருந்தது.

அந்த வாரம்தான் உன்னைப் பார்க்க வந்தேன். நீ பாதியாகியிருந்தாய். மூக்கில் குழாய். நான் ஆரஞ்சுப் பையை வைக்கிறதுக்குள், "மூணாவது வந்துச்சா?" என்றாய்.

வந்துச்சு என்றேன்.

"இன்னா அளவு?"

என் கட்டைவிரல் நகத்தைக் காட்டி, "இத்தினியூண்டு" என்றேன்.

உன் முகத்தில் அப்போது வந்ததை நான் எப்படி எழுதுவது? பக்கத்துக் கட்டில்காரர் பக்கம் திரும்பினாய், குழாய் இழுத்ததைக்கூடப் பார்க்கவில்லை. உன் கட்டைவிரலை நீட்டி, "மூணாவது எல. இத்தினியூண்டாம்" என்று அவரிடம் சொன்னாய். எந்தச் செடி, என்ன கதை என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். அஞ்சலை கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்று கேட்கிறேன். இருபத்திரண்டு வருஷம் நீ என்னைக் கண்ணாடியில் பார்த்தே ஓட்டினவன். எவனோடு சண்டை, யார் சில்லறை தரவில்லை, எல்லாம் திரும்பாமலே தெரிந்துகொள்வாய். அன்றைக்கு நேருக்கு நேர் பார்த்தாயே, நான் பொய் சொல்வது உனக்குத் தெரியவில்லையா? தெரிந்தும்தான் விரலை நீட்டினாயா?

அடுத்த செவ்வாய்க்கிழமை நீ போய்விட்டாய். நான் உன்னைச் சுமந்தேன். திரும்பி வந்து மாடி ஏறி, அந்தக் காய்ந்த குச்சியைப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது.

காரியம் முடிந்து, உன் மகனும் திருப்பூர் திரும்பிய பிறகு, அஞ்சலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். எதை வாசலில் விடமாட்டேன் என்று மறித்தாளோ, அதைக் கேட்டு வந்தாள். "அண்ணே, அந்தக் கன்னு அப்பிடியே இருக்கட்டும், எட்த்துக்கினு போவ மாட்டேன். அந்த மூணாவது எலைய மட்டும் ஒரு தரம் காட்டு. அவரு சாவற வரிக்கும் அதையேதான் பேசிக்கினு இருந்தாரு" என்றாள். மாடி வெள்ளையடித்துக் கிடக்கிறது, பிறகு காட்டுகிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாளே பாலத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். குமரேசன் நிறுத்தினான். அதே சுவரில், அதே வெடிப்பில் இன்னொரு கன்று இருந்தது. எடுத்து வந்து உன் கிண்ணத்தில் நட்டேன். ரெண்டு இலை நின்றது. மூணாவது வந்ததும் அஞ்சலையைக் கூப்பிடலாம் என்று இருந்தேன். மச்சான், ஐந்து மாசம் ஆகிறது. ஒன்று துளிர்த்தால் ஒன்று விழுகிறது. எந்தக் காலையில் எண்ணினாலும் ரெண்டுதான். ஐந்து மாசமாக அஞ்சலை பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தால் நான் டைம் கீப்பர் ரூமுக்குள் போய் நின்றுகொள்கிறேன்.

ஓசூர் கிளம்ப வேண்டி வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். இருபது நாளுக்கு யார் டப்பாவில் தண்ணீர் ஊற்றுவார்கள்? ஐப்பசி மழை என்றாலும் எங்கள் மாடியில் பாதிக்கு ஷீட்டுக் கொட்டகை, சாரல்கூட உள்ளே வராது. திரி எவ்வளவு தாங்கும், ஆறு நாள்? ஏழு நாள்? பாத்திமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "அஞ்சல கிட்ட குடு. உண்மையச் சொல்லிட்டுக் குடு. இல்லன்னா இந்தக் கிண்ணத்த நான் தொடமாட்டேன்."

ஆறு கிண்ணத்தையும் ஆட்டோவில் வைத்துக்கொண்டு போனேன். அஞ்சலை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அரசங்கன்றைப் பார்த்ததும் எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். எண்ணினாள்.

"ரெண்டுதான கீது அண்ணே?"

சொன்னேன். பானட்டு, குமரேசன், ஆஸ்பத்திரி, என் கட்டைவிரல், எல்லாவற்றையும். அவள் கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள்.

"கடேசி நாளு மூச்சு இழுத்துக்கினு கெடந்தாரு" என்றாள். "'மூணு எல வந்துருச்சாம், எழுந்து வா, போயி பாக்கலாம்'னு காதாண்ட சொல்லிக்கினே இருந்தேன். வேற ஒண்ணும் சொல்லல. அதையேதான் சொன்னேன். அப்ப அந்த மனுசன் கிட்ட நான் கடேசியா சொன்னது பொய்யா?"

நான் கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"உன் பொய்ய என் வாயால சொல்ல வெச்சிட்டியே அண்ணே" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உனக்கு நான் செய்த துரோகம் இன்னதென்று எனக்குத் தெரியும். அவளுக்கு என்ன செய்திருக்கிறேன் என்பது அந்தக் கதவு சாத்திய பிறகுதான் புரிந்தது. கிண்ணங்களைத் திரும்ப எடுத்துப்போகவும் வழியில்லை, சேலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உங்கள் துவைக்கிற கல் மேல் ஆறையும் வரிசையாக வைத்து, டப்பாக்களில் தண்ணீர் நிரப்பி, திரி நனைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

இங்கே வந்து பேத்தியைக் கையில் வாங்கினபோதும் மனசு துவைக்கிற கல் மேல்தான் இருந்தது. மூணு நாள் போன் அடித்தேன், அஞ்சலை எடுக்கவில்லை. நாலாம் நாள் எடுத்து, "தண்ணி கீது" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்கடுத்த நாளும் அதே ரெண்டு சொல். பிறகு ஒருநாள், "போர்த்தண்ணிதான் ஊத்துனேன், பாசி வெளுக்குது" என்றாள். மழைத்தண்ணியைப் பிடித்து ஊற்றச் சொன்னேன். சரி என்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் மறுநாள், "ரெண்டு குண்டான் புடிச்சி வெச்சிகிறேன்" என்றாள்.

இன்று காலையில் அவளே கூப்பிட்டாள். கள்ளக்குறிச்சியில் நேற்றெல்லாம் பேய் மழையாம்.

"கல்லு மேல இருந்தா அடிச்சிக்கினு போயிருக்கும். வூட்டுக்குள்ள எட்த்தாந்து வெச்சிட்டேன்."

"பாசிக் கிண்ணமா?"

"எல்லாந்தான். அரசங்கன்னும்."

"வூட்டுக்குள்ளயா? நீதான் ஆவாதுன்னு சொல்வியே, அஞ்சல?"

"இனிமே எனக்கு இன்னா ஆவணும் அண்ணே?"

போனை அவள் வைக்கவில்லை. மழை பெய்யும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் மெதுவாக, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ரெண்டு எலதான். அதுல ஒண்ணு மஞ்சளா கீது, நாளைக்கி நாளான்னிக்கி வுழுந்துரும். நான் உன்ன மாரி மூணுன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. உடைந்த குரலிலேயே, "கொழந்த எப்பிடி கீது? பால் குடிக்குதா?" என்று கேட்டாள்.

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுத மாட்டேன், மச்சான். அது எனக்குத் தெரியாது. நாளைக்கும் போன் எடுப்பாள் என்பது வரைக்கும்தான் தெரியும்.

நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, டப்பாவில் தண்ணீர் பார்த்துக்கொள், வேறு ஒன்றும் பண்ணாதே என்று. அதை இனிமேல் செய்கிறேன். ஊருக்குத் திரும்பியதும் மலைத்தண்ணி கேனை மறுபடியும் பஸ்ஸில் ஏற்றுகிறேன். சீட்டுக்கடியில் வைக்கிறேன், குமரேசன் சொன்ன இடத்தில். கிண்ணத்தை அஞ்சலை தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் அங்கே போய் ஊற்றுகிறேன், திருப்பிக் கொடுத்தால் மாடியில் வைத்து ஊற்றுகிறேன். தினமும் காலையில் இலையை எண்ணி, உள்ளது உள்ளபடி உனக்குச் சொல்கிறேன். மூணாவது வந்தால் வந்தது என்பேன். ஒன்று குறைந்தால் குறைந்தது என்பேன். பட்டுப்போனாலும் உன்னிடம் வந்து பட்டுப்போனது என்றே சொல்வேன்.

இன்றைய கணக்கு ரெண்டு. அதில் ஒன்று மஞ்சள்.

உன் மச்சான், அஞ்சலைக்கு அண்ணன்,
காதர்